டியூன் செய்த டர்போ காருக்கு கோல்டு பிளக்: எப்போது தேவை, எப்படிப் போடுவது

கோல்டு பிளக் (தங்கமில்லை, ‘cold’ வகை ஸ்பார்க் பிளக்) போட்டால் இன்ஜின் சூடாகாது, பிக்கப் கூடும் என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ரீமேப் செய்த, அதாவது கூடுதல் பவருக்காக இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிய, டர்போ கார் வைத்திருக்கும் பையன்கள் நிறைய பேர் நம்புகிறார்கள். இரண்டுமே சரியில்லை. கோல்டு பிளக் இன்ஜினைக் குளிர வைக்காது, ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டாது. தன்னுடைய நுனியில் சேரும் வெப்பத்தை அது சீக்கிரமாக வெளியே கடத்திவிடும், அதன் வேலை அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்ன வேலைதான், டியூன் ஏற்றிய இன்ஜினில் பிஸ்டன் ஓட்டையாகாமல் காப்பாற்றும் விஷயங்களில் ஒன்று. அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் புரிந்துகொண்டு போடுவது நல்லது.

ஒரு பிளக்கைக் கையில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். நடுவில் கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பீங்கான், அதற்கு வெளியே மரை போட்ட இரும்பு உடம்பு. பீங்கானுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் உள்ளே இறங்கிப் போவது தெரியும். எரியும் காற்று, பெட்ரோல் கலவையில் படுவது பீங்கானின் அந்த மூக்குப் பகுதிதான். அதில் ஏறும் வெப்பம் பீங்கான் வழியாகவே மேலே போய், எந்த இடத்தில் அது இரும்பைத் தொடுகிறதோ அங்கே இரும்புக்கு மாறி, மரை வழியாகவும் வாஷர் வழியாகவும் சிலிண்டர் ஹெட்டுக்குள் இறங்கி, கடைசியில் கூலன்ட் தண்ணீரில் கலக்கும். மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் போகவேண்டிய தூரம் அதிகம், நுனி சூடாகவே இருக்கும், அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் வெப்பம் சட்டென்று இறங்கிவிடும், அது கோல்டு பிளக். தீப்பொறியின் பலத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நுனி எவ்வளவு சூட்டில் இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. ஏறக்குறைய 450, 500 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பீங்கான் மேல் படியும் கரி எரிந்து போகாது. படிந்துகொண்டே வந்து, மின்சாரம் பொறியாகப் பாயாமல் கரி வழியாகவே கசிந்துவிடும், வண்டி மிஸ்ஸிங் அடிக்கும். 850 டிகிரியைத் தாண்டினால் வேறு ஆபத்து. நுனியே நெருப்புத் துண்டு மாதிரி ஆகி, பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். கம்பெனியில் பிளக் தேர்ந்தெடுப்பவர்கள் ஸ்டாக் இன்ஜினுக்கு, அதாவது கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் இன்ஜினுக்கு, இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் நிற்கும்படிதான் பார்த்துக் கொடுத்திருப்பார்கள்.

ரீமேப் செய்யும்போது என்ன ஆகிறது? பூஸ்ட், அதாவது டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தம், கூடுகிறது, அதனால் ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் கூடுதல் காற்றும் கூடுதல் பெட்ரோலும் போகிறது, எரியும்போது வெப்பம் கூடுகிறது, பல டியூன்களில் டைமிங்கும் (பொறி வரும் நேரம்) கொஞ்சம் முன்னால் தள்ளப்படுகிறது. டைமிங்கை 10 டிகிரி முன்னால் தள்ளினாலே பிளக் நுனியின் சூடு 70 முதல் 100 டிகிரி வரை ஏறும் என்பது பிளக் தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. ஒரு ஹீட் ரேஞ்ச் (பிளக் எவ்வளவு ஹாட், எவ்வளவு கோல்டு என்னும் அளவு) படி கோல்டாக மாற்றினால் குறையும் சூடும் ஏறக்குறைய அதே 70 முதல் 100 டிகிரிதான். டியூனில் ஏறியதை ஒரு படி இறக்கி ஈடுகட்டுகிறோம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நம்ம ஊர்ச் சாலைகளை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றம், கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் போகும்போது மேலுமலை ஏற்றம், இரண்டும் தேசிய நெடுஞ்சாலை 44-ல்தான் இருக்கின்றன. நாலு பேர், டிக்கி நிறைய சாமான், சித்திரை வெயில், ஏசி ஓடுகிறது, முன்னால் கிரானைட் கல் ஏற்றிய லாரி, அதை ஓவர்டேக் செய்ய ஆக்சிலரேட்டரை அழுத்துகிறீர்கள். ஊருக்குள் இரண்டு விநாடி பூஸ்ட் ஏறி இறங்குவது வேறு, இந்த மாதிரி ஏற்றத்தில் தொடர்ந்து லோடில் நிற்பது வேறு. பிளக் நுனி கொதிப்பது இரண்டாவதில்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் தவறான பிளக் வாங்கும் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நாக்கிங் என்பது ஒன்று, ப்ரீ இக்னிஷன் என்பது வேறொன்று. நாக்கிங்கில் பொறி சரியான நேரத்தில்தான் வருகிறது. ஆனால் தீ பரவி முடிப்பதற்குள் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாக வெடிக்கிறது. பெட்ரோலின் ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறன்) போதவில்லை, டைமிங் அதிகம், உள்ளே வரும் காற்று சூடு என்று அதற்குக் காரணங்கள் உண்டு. ப்ரீ இக்னிஷனில் பொறிக்கு முன்பே ஏதோ ஒரு சூடான புள்ளி கலவையைப் பற்றவைக்கிறது. பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் எதிர்த்து வருகிறது, சில விநாடிகளில் பிஸ்டன் போய்விடும். கோல்டு பிளக் தடுப்பது இந்த இரண்டாவதைத்தான், அதுவும் சூடான புள்ளி பிளக் நுனியாக இருந்தால் மட்டும். சாதா பெட்ரோல் போட்டுக்கொண்டு 95 ஆக்டேனுக்கு எழுதிய டியூனில் ஓட்டி, நாக்கிங் வருகிறது என்று பிளக்கை மாற்றினால் ஒன்றும் சரியாகாது. முதலில் பெட்ரோலைச் சரி செய்யுங்கள், அல்லது டியூன் எழுதியவரிடம் டைமிங்கைக் குறைக்கச் சொல்லுங்கள். அதேபோல, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் சின்ன டர்போ இன்ஜின்களில் குறைந்த ஆர்பிஎம்மில் டாப் கியரில் அழுத்தும்போது வரும் எல்எஸ்பிஐ (குறைந்த வேக ப்ரீ இக்னிஷன்) என்னும் தொந்தரவுக்கும் பிளக் மருந்தில்லை. அது பெரும்பாலும் ஆயில் சம்பந்தப்பட்டது. அதற்காகவே 2018-ல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-ல் ஏபிஐ எஸ்பி என்று ஆயில் தரங்கள் வந்தன. ஆயில் டப்பாவில் அதைப் பார்த்து வாங்குங்கள், மேட்டில் கியரை இறக்கி ஓட்டுங்கள்.

சரி, யாருக்குத் தேவை? பொதுவாகச் சொல்லும் கணக்கு: ஸ்டாக்கைவிட 75 முதல் 100 குதிரைத்திறன் கூடினால் ஒரு படி கோல்டு. இது பெரிய இன்ஜின்களை வைத்துச் சொன்னது. நம்ம பக்கம் ஓடுவது பெரும்பாலும் 1.0 டிஎஸ்ஐ, 1.0 டி ஜிடிஐ, 1.2 டர்போ மாதிரி மூன்று சிலிண்டர் வண்டிகள். ஸ்லாவியா, குஷாக்கில் வரும் 1.0 டிஎஸ்ஐ ஸ்டாக்கில் 115 பிஎஸ், வென்யூவின் டர்போ 120 பிஎஸ். இதில் ஸ்டேஜ் 1 (பார்ட் எதையும் மாற்றாமல் செய்யும் ரீமேப்) போட்டால் கூடுவது சில பத்து குதிரைத்திறன்தான். ஆனால் அது மூன்று சிலிண்டருக்குள் பங்காகிறது என்பதால் அந்த 75 கணக்கை அப்படியே வைக்க முடியாது. என்னைக் கேட்டால், லேசான ஸ்டேஜ் 1-க்கு ஸ்டாக் ஹீட் ரேஞ்சிலேயே புது பிளக் போட்டு, கேப்பை (பொறி தாண்டும் இடைவெளியை) மட்டும் குறைத்து ஓட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை. டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), பெரிய இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர வைப்பது) எல்லாம் மாட்டி ஸ்டேஜ் 2 போகிறீர்கள், அல்லது வாரா வாரம் பெங்களூருக்கு லோடோடு அழுத்திப் போய் வருகிறீர்கள் என்றால் ஒரு படி கோல்டு நியாயம். இரண்டு படி என்பது டிராக் வண்டிக்கும், டர்போவையே பெரிதாக மாற்றியவர்களுக்கும். டியூன் எழுதியவர் குறிப்பிட்ட பிளக் ஒன்றைச் சொல்லியிருந்தால் அதையே போடுங்கள், அவர் அதை வைத்துத்தான் லாக் (இன்ஜின் ஓட்டத்தின் பதிவு) பார்த்திருப்பார்.

தேவைக்கு மேல் கோல்டாகப் போட்டால் என்ன என்று கேட்கலாம். தர்மபுரியில் வீட்டிலிருந்து நாலு ரோடு வரை, அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு, பிள்ளையைப் பள்ளியில் விட்டு வீடு திரும்புவது என்று ஓடும் வண்டியில் பிளக் நுனி 450 டிகிரியைத் தொடுவதே சிரமம். மார்கழி மாதக் காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு கிலோமீட்டரில் நிறுத்தினால் கலவை கெட்டியாகவே (பெட்ரோல் அதிகமாகவே) எரிந்து முடிந்திருக்கும், கரி மேல் கரி படியும். ஐடிலில் துள்ளும், ஸ்டார்ட்டிங் சோம்பலாகும், மைலேஜும் இறங்கும். வண்டி எப்படி டியூன் ஆகியிருக்கிறது என்பதைப் போலவே எங்கே ஓடுகிறது என்பதும் பிளக்கைத் தீர்மானிக்கிறது.

கடைக்குப் போவதற்கு முன் எண்களைப் புரிந்துகொள்ளுங்கள். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் கோல்டு: 6-ஐவிட 7 கோல்டு, 7-ஐவிட 8 கோல்டு. டென்சோவிலும் அப்படித்தான், ஆனால் எண்கள் வேறு: 20, 22, 24, 27 என்று போகும். என்ஜிகே 6-க்கு டென்சோ 20, 7-க்கு 22, 8-க்கு 24 ஏறக்குறைய சமம். பாஷிலும் சாம்பியனிலும் கதை தலைகீழ், எண் குறைந்தால்தான் கோல்டு. பாஷ் பிளக்கில் ஒரு எண் கூட்டி வாங்கிக்கொண்டு வந்து கோல்டு போட்டுவிட்டோம் என்று நினைப்பவர் உண்மையில் இன்னும் ஹாட்டான பிளக்கை டியூன் செய்த இன்ஜினில் மாட்டுகிறார், அதைவிட ஆபத்து வேறில்லை. பிராண்டு மாற்றும்போது அந்தந்தக் கம்பெனியின் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

ஹீட் ரேஞ்ச் மட்டும் மாறவேண்டும், மற்ற எல்லாம் ஸ்டாக்கைப் போலவே இருக்கவேண்டும். உதாரணத்துக்கு பிகேஆர்7இஐஎக்ஸ் என்ற என்ஜிகே பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிகே என்றால் 14 மில்லிமீட்டர் மரை, 16 மில்லிமீட்டர் ஸ்பானர். ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. 7 ஹீட் ரேஞ்ச். இ என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீட்டர். ஐஎக்ஸ் என்றால் இரிடியம். கடைசியில் 11 என்று கூடுதலாகப் போட்டிருந்தால் கேப் 1.1 மில்லிமீட்டர் என்று அர்த்தம், அது டியூன் செய்த டர்போவுக்கு மிக அதிகம். இதில் மரை நீளம் தவறினால் பெரிய சேதம்: நீளம் கூடினால் பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கலாம், குறைந்தால் ஹெட்டில் காலியாக நிற்கும் மரைகளில் கரி ஏறி அடுத்த முறை சரியான பிளக் இறங்காது. ரெசிஸ்டர் இல்லாத பிளக்கும் வேண்டாம், ஈசியூ என்னும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் சென்சார்களுக்கும் மின் இரைச்சல் போகும். இரிடியமா சாதா நிக்கலா என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. இரிடியம் 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும், மெல்லிய கம்பியாக இருப்பதால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி பாயும், ரொம்ப நாள் உழைக்கும். நிக்கல் விலை குறைவு, ஆனால் கேப் சீக்கிரம் அகலும், அடிக்கடி மாற்றவேண்டும். ஒன்று மட்டும் நிச்சயம்: போலி பிளக் நிறைய உலவுகிறது. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால், எழுத்து மங்கலாக இருந்தால், மரை சொரசொரப்பாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதிகாரப்பூர்வ டீலரிடம் பில்லோடு வாங்குங்கள்.

அப்புறம் கேப். பலர் ஹீட் ரேஞ்சைப் பற்றியே பேசிக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் பூஸ்டில் வரும் மிஸ்ஃபயரில் (கலவை பற்றாமல் போவதில்) பெரும்பகுதி கேப்பால்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட அதே இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். ஸ்டாக் பூஸ்டில் சுலபமாகத் தாண்டிய பொறி, டியூன் பூஸ்டில் தாண்ட முடியாமல் அணைந்துவிடும். நாலாயிரம் ஆர்பிஎம்மில் முழு அழுத்தத்தில் வண்டி படபடவென்று வெட்டும், செக் லைட் மின்னும். ஸ்டாக் டர்போக்களில் கேப் பொதுவாக 0.7, 0.8 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும். டியூன் செய்த பிறகு 0.6 முதல் 0.7-க்குள் கொண்டுவருவது வழக்கம். அதற்கும் கீழே ரொம்பக் குறைத்தால் பொறி சின்னதாகி ஐடில் கெடும், அதனால் மிஸ்ஃபயர் நிற்கும் அளவுக்கு மட்டும் குறைத்தால் போதும். டப்பாவில் கேப் சரி செய்து வருகிறது என்று எழுதியிருந்தாலும் ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள். கம்பி வகை கேஜ் பயன்படுத்துங்கள், வளைப்பது வெளிக்கம்பியை மட்டும். வட்டக் காசு மாதிரி விற்கும் கேஜை நடுக்கம்பியில் அண்டை கொடுத்து நெம்பினால் இரிடியம் நுனி உடைந்துவிடும், பீங்கானும் கீறலாம்.

இப்போது போடுவது. இன்ஜின் முழுசாக ஆறியிருக்கவேண்டும், இதில் அவசரப்படவே கூடாது. ஹெட் அலுமினியம், சூட்டில் பிளக்கைக் கழற்றினால் மரையையும் சேர்த்து உருவிக்கொண்டு வரும். கிருஷ்ணகிரி பக்கம் ஓடும் வண்டிகளில் கல் குவாரித் தூசி பிளக் குழிக்குள் நன்றாகவே இறங்கியிருக்கும். பிளக் மேல் உட்கார்ந்து மின்சாரம் கொடுக்கும் காயிலைக் கழற்றியதும் ஏர் கன்னால் குழியை ஊதிவிடுங்கள், பிளக்கைக் கால் சுற்று தளர்த்திவிட்டு மறுபடி ஒருமுறை ஊதுங்கள். அந்தத் தூசி கருங்கல் தூசி, சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறும். காயில் கனெக்டரின் பிளாஸ்டிக் பூட்டு சூட்டில் நொறுங்கிப் போயிருக்கும், ஒயரைப் பிடித்து இழுக்காமல் பூட்டை மெதுவாக அழுத்தி எடுங்கள். குழியில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் சீல் போய்விட்டது என்று பொருள், முதலில் அதைப் பாருங்கள். கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படியே துணியில் அடுக்கி வையுங்கள், பிறகு படித்துப் பார்க்க வேண்டும்.

புது பிளக் கீழே விழுந்தால் அதைப் போடாதீர்கள், பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் மட்டும் கையில் பிடித்து, ரேச்சட் இல்லாமல் விரலாலேயே திருப்புங்கள். கடைசி வரை விரலுக்கே வழுக்கிக்கொண்டு இறங்கவேண்டும். இரண்டாவது சுற்றிலேயே முரண்டு பிடித்தால் மரை குறுக்கே ஏறுகிறது. நிறுத்தி, பின்னால் திருப்பி, மறுபடி ஆரம்பியுங்கள். மரை போன ஹெட்டைக் கழற்றி இன்சர்ட் போட ஆகும் செலவில் பத்து செட் பிளக் வாங்கலாம். மரையில் கிரீஸ், ஆன்டி சீஸ் எதுவும் தடவாதீர்கள். நல்ல பிளக்குகளில் மரைக்கு ஏற்கெனவே பூச்சு இருக்கிறது, கூடுதலாகத் தடவினால் உராய்வு குறைந்து அதே டார்க்கில் (இறுக்கும் விசையில்) அளவுக்கு மேல் இறுகிவிடும்.

டார்க் ரெஞ்ச் பற்றி இங்கே ஒரு பட்டறையில் நடந்த பேச்சை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். “இது எதுக்குண்ணா, இருபது வருஷமா கையிலதான் டைட் வைக்கிறேன், கை அளவு எனக்குத் தெரியும்” என்றார் மெக்கானிக். அவர் கை அளவு நல்ல அளவுதான், ஆனால் அது பழைய வண்டிகளின் 14 மில்லிமீட்டர் பிளக்கில் பழகிய கை. வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டர் பிளக்குக்கு 15 முதல் 20 தான். புது இன்ஜின்களில் பல 12 மில்லிமீட்டருக்கு மாறிவிட்டன, பழைய கை அங்கே மரையை நீட்டிவிடும். குறைவாக வைத்தாலும் தப்புதான்: வாஷர் நன்றாக உட்காராவிட்டால் வெப்பம் ஹெட்டுக்குள் போகும் வழி அடைபடும், கோல்டு பிளக் வாங்கிப் போட்டும் நுனி சூடாகவே நிற்கும். உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கும் எண்ணே கடைசி வார்த்தை. டார்க் ரெஞ்ச் கிடைக்கவே இல்லை என்றால், வாஷர் உள்ள புது பிளக்கை விரலால் முழுசாக இறுக்கி, அதன்பின் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்று வரை. வாஷர் இல்லாத கூம்பு வகைக்கு இந்த அளவு ஆகவே ஆகாது, பதினாறில் ஒரு பங்கு சுற்றுதான்.

மாட்டிய பிறகு ஐடில் ஒரே சீராக இருக்கிறதா பாருங்கள், ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள், பிறகு வண்டியின் கோளாறு கோடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டைமிங் எவ்வளவு பின்வாங்குகிறது என்பதையும் லாக் எடுங்கள். பி0301 வந்தால் முதல் சிலிண்டர், பி0302 வந்தால் இரண்டாவது. பி0300 என்றால் எல்லாம் கலந்து. ஒரே சிலிண்டரில் மட்டும் என்றால் காயிலை இடம் மாற்றிப் பாருங்கள், கோளாறும் கூடவே நகர்ந்தால் காயில்தான் காரணம். முழு அழுத்தத்தில் லாக் எடுக்க டைனோவுக்கு (வண்டியை உருளை மேல் ஓட்டி அளக்கும் இயந்திரம்) போங்கள். தொப்பூரிலும் மேலுமலையிலும் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று நமக்குத் தெரியும், அந்த ரோட்டில் சோதனை ஓட்டம் வேண்டவே வேண்டாம்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஒரு பிளக்கைக் கழற்றி வெயிலில் வைத்து, முடிந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பீங்கான் மூக்கு லேசான பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் ஹீட் ரேஞ்ச் சரி. காய்ந்த கரி மூக்கு முழுக்க அப்பியிருந்தால் ரொம்பக் கோல்டு, அல்லது கலவை கெட்டி. சுண்ணாம்பு வெள்ளையாக, பளபளப்பாக, வெளிக்கம்பி ஓரம் மழுங்கியிருந்தால் இன்னும் சூடு அதிகம். மிகக் கவனமாகத் தேடவேண்டியது வேறொன்று: வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுப்பொடி தூவியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள், அவற்றில் சில வெயிலில் மினுங்கும். அந்த மினுக்கம் பிஸ்டனிலிருந்து பெயர்ந்து வந்த அலுமினியம். அதைப் பார்த்துவிட்டால் டியூன் எழுதியவரிடம் பேசும் வரை வண்டியை அழுத்தாதீர்கள். அடுத்த படி கோல்டு பிளக் அதற்குத் தீர்வில்லை.

இரிடியமாக இருந்தாலும் டியூன் செய்த வண்டியில் மேனுவல் சொல்லும் கிலோமீட்டரை நம்பி விடக்கூடாது, 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றிக் கேப்பை அளந்து பார்ப்பது என் பழக்கம். ரீமேப்பால் வாரன்டி போகும், மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு வண்டியின் அடிப்படை அம்சங்களை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, இன்ஷூரன்ஸ்காரரும் கேள்வி கேட்கலாம். இதையெல்லாம் தெரிந்துகொண்டே இறங்குங்கள். நல்ல நிலையில் கழற்றிய ஸ்டாக் பிளக் செட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கேப் அளவையும் சிலிண்டர் எண்ணையும் எழுதிய சீட்டோடு டப்பாவில் போட்டு, பிளக் சாக்கெட்டுடன் டிக்கியில் வையுங்கள். டியூனை எடுத்து ஸ்டாக்குக்குத் திரும்பும் நாளில் அந்த செட்டைத்தான் திரும்பப் போடவேண்டியிருக்கும்.